கைவேலைப் பொருளைச் செய்தவரிடமே வாங்க எங்கே தேடுவது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "வீட்டுக்கு வைக்கவும் பரிசு கொடுக்கவும் கைவேலைப் பொருட்கள், ஓவியங்கள் வாங்க ஆசை. ஆனால் கடையிலும் இன்ஸ்டாகிராமிலும் எல்லாவற்றையும் 'ஹேண்ட்மேட்' என்றுதான் விற்கிறார்கள். நிஜமாகவே கையால் செய்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கும்போது எதைப் பார்ப்பது?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொருளின் பெயரைப் போட்டுத் தேடினால் விற்பவர்தான் கிடைப்பார். செய்பவர் வேண்டுமென்றால் ஊரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். தமிழ்நாட்டில் கைத்தொழில் பெரும்பாலும் ஒரு ஊரிலோ, அந்த ஊரின் இரண்டு மூன்று தெருக்களிலோதான் உயிரோடு இருக்கிறது. பவானியில் ஜமக்காளம், அரும்பாவூரில் மரச்சிற்பம், மானாமதுரையில் மண்பாண்டமும் கட வாத்தியமும், விளாச்சேரியில் கொலு பொம்மை. ஊர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீக்கடையில் கேட்டால் தெருவைக் காட்டிவிடுவார்கள்.

எந்தப் பொருளுக்கு எந்த ஊர் என்று தெரியாதா? அதற்கு ஒரு நல்ல வழி புவிசார் குறியீட்டுப் பதிவேடு, அதாவது ஒரு வட்டாரத்துக்கே உரிய பொருட்களைச் சட்டப்படி பதிவு செய்துவைத்த பட்டியல். 1999-ல் சட்டம் வந்தது, 2003-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் யார் விண்ணப்பித்தார்கள் என்று போட்டிருப்பார்கள். பல இடங்களில் அது உள்ளூர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாகவோ கைவினைஞர் சங்கமாகவோ இருக்கும். அந்தச் சங்கத்தின் பெயரும் ஊரும்தான் உங்களுக்கு வேண்டிய நூல் நுனி. விண்ணப்ப ஆவணத்தையும் படித்துப் பாருங்கள். பொருளை எப்படிச் செய்கிறார்கள், என்ன மூலப்பொருள், எந்தெந்த ஊர்களில் செய்கிறார்கள் என்று விரிவாக எழுதியிருப்பார்கள். கடையில் நின்று விசாரிப்பதைவிட அதில் அதிகம் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. புவிசார் குறியீடு என்பது அந்த வட்டாரத்துப் பொருளுக்குக் கொடுத்த உரிமை. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பாயோ சேலையோ அங்கேதான் செய்யப்பட்டது என்பதற்கு அது மட்டும் சாட்சி ஆகாது. அதே பதிவகத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று தனிப்பட்ட கைவினைஞர்களும் பதிவு செய்துகொள்கிறார்கள். "அந்தப் பதிவு உங்களிடம் இருக்கிறதா?" என்று விற்பவரிடம் கேட்கலாம். தப்பில்லை.

சரி, பத்தமடைப் பாயைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது இதில் நன்றாகப் புரியும். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற சாலையில் இருக்கிறது பத்தமடை. தாமிரபரணிக் கரையோரம் விளையும் கோரைதான் மூலப்பொருள். கோரையை வெட்டிக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் பல நாள் ஊறப்போடுவார்கள். ஊறிப் பருத்ததும் மறுபடி காயவைத்து, ஒவ்வொரு தண்டையும் நீளவாக்கில் மெல்லிய இழைகளாகக் கிழிப்பார்கள். இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது. தடித்த இழை என்றால் சாதாரணப் பாய். தலைமுடி மாதிரிக் கிழித்த இழையை, நீளவாக்கில் கட்டிய பருத்தி அல்லது பட்டு நூல் பாவில் குறுக்கே ஊடையாகக் கொடுத்து நெய்தால் அது பட்டுப்பாய். துணி மாதிரி மடிக்கலாம். ஊரில் இதைக் 'கவுண்ட்' கணக்கில் சொல்வார்கள். எண் கூடக் கூடப் பாய் நயமாகும், வேலையும் ஏறும். நூறு கவுண்ட்டுக்கு மேல் போன பாய்க்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். கல்யாணப் பாயில் மணமகன் மணமகள் பெயரையும் தேதியையும் சேர்த்தே நெய்து தருவார்கள். இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் அந்த ஊர் முஸ்லிம் பெண்கள், வீட்டுக்குள்ளேயே.

ஆகவே "பத்தமடைப் பாய் என்ன விலை?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. எத்தனை கவுண்ட், பாவு பருத்தியா பட்டா, சாயம் என்ன, யார் நெய்தது என்று கேளுங்கள். கடைக்காரருக்கு இந்த நான்கில் இரண்டுக்கு மேல் பதில் தெரியவில்லை என்றால் அவர் நெய்பவரிடமிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். விசைத்தறியில் ஓடிய கோரைப்பாயும் அதே அலமாரியில் இருக்கும். அதுவும் உபயோகமான பொருள்தான், ஆனால் விலை வேறாக இருக்க வேண்டும்.

பத்தமடை வரைக்கும் போனவர்கள் அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி வீரவநல்லூருக்கும் போய்விட்டு வாருங்கள். செடிபுட்டா சேலை நெய்கிற ஊர். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்படி ஒரு வட்டாரமாகச் சேர்த்துப் பார்ப்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். கும்பகோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அறை எடுத்துத் தங்கினால் சுவாமிமலையில் ஐம்பொன் சிலை, நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு, திருபுவனத்தில் பட்டு, நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம், சிக்கல்நாயக்கன்பேட்டையில் துணியில் கையால் வரையும் கருப்பூர் கலம்காரி என்று சுற்றிலும் பட்டறைகள். நாகஸ்வரம் நீங்கள் வாங்கப்போவதில்லை. ஆனாலும் பழைய வீடுகளைப் பிரித்தபோது கிடைத்த ஆச்சா மரத்தை வாங்கிவந்து கடைந்து, துளையிட்டு, ஊதிப் பார்த்துச் சரிசெய்வதை ஒருதரம் நின்று பாருங்கள். ஒரு கைப்பொருளின் விலை எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு எந்த ஊரிலும் பேரம் பேச மனம் வராது.

சுவாமிமலையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அந்த அச்சில் இன்னொரு சிலை எடுக்க முடியாது. அதனால் "போட்டோவில் இருப்பது மாதிரியே அச்சு அசலாக வேண்டும்" என்று ஸ்தபதியிடம் கேட்பதில் பொருள் இல்லை. உயரம், அளவு, எந்த மூர்த்தம், நின்ற கோலமா இருந்த கோலமா என்று பேசி, செய்யச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். வார்ப்புக்குப் பிறகு உளியால் செதுக்கித் தீர்க்கும் வேலைதான் முகத்துக்கு உயிர் கொடுக்கிறது. அதை அவசரப்படுத்தினால் உங்களுக்குத்தான் நஷ்டம். முடிந்தால் மெழுகு நிலையிலேயே ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். திருத்தம் சொல்ல வேண்டுமானால் அதுதான் நேரம்.

ஊர் ஊராகப் போக எல்லோராலும் முடியாது. அவர்களுக்குக் கண்காட்சிகள்தான் வழி. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை மேம்பாட்டு அலுவலகம் நடத்தும் காந்தி சில்ப் பஜார் பல ஊர்களில் நடக்கும். கைவினைஞர்களுக்கு அந்த அலுவலகம் 'பெஹ்சான்' என்ற அடையாள அட்டை கொடுக்கிறது. அதில் என்ன தொழில் என்றும் இருக்கும். சென்னைக்குப் பக்கத்தில் என்றால் முட்டுக்காட்டில் இருக்கும் தக்ஷிணசித்ரா அருங்காட்சியகம். 1996-லிருந்து இருக்கிறது. அங்கே கைவினைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்வதையே பார்க்கலாம், பயிலரங்கிலும் சேரலாம். தமிழக அரசின் கைவினைப் பொருள் கடைகளான பூம்புகார் விற்பனை நிலையங்களை அரசாங்கக் கடை என்று பலர் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் கண்ணைப் பழக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பலவகைப் பொருட்களை, விலைச்சீட்டோடு, யாரும் பின்னாலேயே வந்து நச்சரிக்காமல் பார்க்கலாம். கோ-ஆப்டெக்ஸில் சில பட்டுச் சேலைகளோடு நெய்தவரின் படமும் பெயரும் போட்ட அட்டை வைத்துக் கொடுத்தார்கள். நான் பார்த்த விற்பனை முறைகளில் மிகவும் மதிப்பது அதைத்தான். எல்லாக் கடைகளும் அப்படிச் செய்தால் இந்தக் கேள்விக்கே அவசியம் இருந்திருக்காது.

கண்காட்சியில் ஸ்டால் போட்டிருப்பவர் செய்பவரா, வாங்கி விற்பவரா என்று எப்படித் தெரியும்? விலையைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். "இந்தச் சிவப்பு எப்படி வந்தது?" "இதில் கஷ்டமான இடம் எது?" செய்பவர் என்றால் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தைக் காட்டி, விரலால் தொட்டுக் காட்டிப் பேசுவார். சிலர் கூச்சத்தில் அதிகம் பேசமாட்டார்கள். அப்போதும் பொருளைப் பிடிக்கிற பிடியிலேயே தெரிந்துவிடும்.

இடைத்தரகர் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவரவில்லை. செட்டிநாட்டுக் கொட்டானைப் பாருங்கள். பனை ஓலையில் முடைகிற கூடை. செட்டிநாட்டுக் கல்யாணங்களில் சீர்வரிசைக்கு இருந்த பழக்கம் குறைந்துபோய், முடையத் தெரிந்தவர்களும் அருகிவந்த நேரத்தில், காரைக்குடியில் விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை அந்தப் பக்கத்துக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. அந்தப் பெண்கள் தனித்தனியாக இன்ஸ்டாகிராம் நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நீலகிரியில் தோடர் பழங்குடிப் பெண்களின் எம்பிராய்டரியும் அப்படித்தான். பெண்கள் குழுவாகச் சேர்ந்தும் அமைப்புகள் வழியாகவும் விற்கிறார்கள். நடுவில் இருப்பவர் செய்தவர் யார் என்று மறைக்காமல் சொன்னால், கூலி எப்படிக் கொடுக்கிறார் என்று கேட்டதும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால், தாராளமாக வாங்கலாம்.

தோடர் வேலையைப் பற்றிச் சொன்னதால் அதன் அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். கோடு வரைந்து அதன்மேல் தைப்பது கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். தூரத்திலிருந்து பார்த்தால் நெய்த மாதிரியே இருக்கும். அதே கோலத்தைத் துணியில் பிரிண்ட் அடித்தும் விற்கிறார்கள். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். கைவேலையில் நூல் மேடு தட்டும்.

மதுரைச் சுங்குடியிலும் இதே கதை. முடிச்சுப் போட்டுச் சாயம் முக்கினால் புள்ளி ஒவ்வொன்றும் சற்றே மாறியிருக்கும், துணியில் லேசான சுருக்கம் இருக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வட்டமாக, துணி தட்டையாக இருந்தால் அது அச்சு. தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கு எத்தனை காரட், கற்கள் என்ன, பலகை எந்த மரம் என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். பட்டில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. சில்க் மார்க் இருந்தால் பட்டு சுத்தம் என்று அர்த்தம், அவ்வளவுதான். விசைத்தறியில் நெய்த சுத்தப் பட்டுக்கும் அது இருக்கலாம். கைத்தறிதானா என்று சொல்வது ஹேண்ட்லூம் மார்க். காஞ்சிபுரம் வாங்கும்போது உடலையும் கரையையும் தனித்தனி ஓடத்தால் கோத்து நெய்த கோர்வைச் சேலையா என்றும் கேளுங்கள். சேலையைப் புரட்டி, கரை சேருகிற இடத்தைப் பின்பக்கத்தில் பார்த்தால் அந்தப் பிணைப்பு தெரியும்.

இனி இன்ஸ்டாகிராம். அங்கே வேறு ஒரு உலகம் இருக்கிறது. பரம்பரைத் தொழில் இல்லாமல், தானாகக் கற்றுக்கொண்டு, வீட்டு மாடியிலோ சின்ன அறையிலோ டெரகோட்டா நகை, குரோஷா, சோப்பு, பீங்கான் கோப்பை, புத்தகக் கட்டு என்று செய்பவர்கள். இவர்களுக்கு ஊர் அடையாளம் கிடையாது, அதனால் தேடும் முறையும் மாறும். முதலில், தமிழில் தட்டச்சு செய்து தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடினால் விளம்பரத்துக்குச் செலவழிக்க முடிந்தவர்கள்தான் முன்னால் வருவார்கள். நல்ல ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் யாரையெல்லாம் பின்தொடர்கிறார் என்று பாருங்கள். ஒரு குயவர் வேறு குயவர்களைத்தான் பின்தொடர்வார். என் அனுபவத்தில் இது மாதிரிப் பலன் தருகிற வழி வேறு இல்லை.

பக்கத்தைத் திறந்ததும் பழைய பதிவுகள் வரை கீழே போங்கள். உண்மையில் செய்பவர் என்றால் ஆரம்பகால வேலை கொஞ்சம் முரடாக இருக்கும், போகப் போகக் கை திருந்தியிருக்கும். அதே மேஜை, அதே ஜன்னல் வெளிச்சம், அதே கை திரும்பத் திரும்ப வரும். முதல் நாளிலிருந்தே எல்லாம் பளபளவென்று ஸ்டுடியோ படமாக இருந்தால் அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே பொருள், அதே படம், மொத்த விற்பனைத் தளத்தில் வந்து நிற்கும்.

அப்புறம் ஒரு செய்தி அனுப்புங்கள்: "இதையே கொஞ்சம் பெரிதாக, வேறு நிறத்தில் செய்ய முடியுமா?" வாங்கி விற்பவர் "ஸ்டாக்கில் இருப்பது மட்டும்தான்" என்பார். செய்பவர் உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்பார். எதற்கு உபயோகம், எவ்வளவு உயரம், மைக்ரோவேவில் வைப்பீர்களா, எப்போது வேண்டும். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று காரணம் சொல்வார். அந்தக் காரணத்தில் தொழில் தெரியும்.

ஓவியர்களைத் தேடுபவர்களுக்கு வழி இன்னும் சுலபம், ஆனால் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. மாணவர் கண்காட்சி நடக்கும்போது போய்ப் பாருங்கள். நாளைக்குப் பேர் வாங்கப்போகிறவர்களின் வேலையை நம் கைக்கு எட்டுகிற விலையில் பார்க்கலாம், ஓவியரே பக்கத்தில் நிற்பார். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் கூடத்தில் அடிக்கடி கண்காட்சி நடக்கும். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கியது. ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத அந்தக் காலத்தில் அங்கிருந்த ஓவியர்கள் பாத்திக் (துணியில் மெழுகு வைத்துச் சாயமேற்றும் வேலை) முதலான கைவேலைகளைச் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கைவினையும் கலையும் வேறு வேறு என்று பிரிப்பவர்களிடம் நான் எப்போதும் இந்த ஊரைத்தான் காட்டுவேன்.

பீங்கானில் ஆர்வம் இருந்தால் புதுச்சேரிக்குப் போங்கள். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் கற்றுக்கொண்டு வெளியே வந்தவர்கள் பலர் புதுச்சேரி, ஆரோவில் பக்கம் சொந்தச் சூளை வைத்திருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் பலர் பட்டறையைக் காட்டுவார்கள்.

பெரிய ஓவியம் வாங்கப் பணம் இல்லை என்பவர்களுக்கு: எட்சிங், லினோகட், மரச்செதுக்கு மாதிரியான பதிப்போவியங்களைக் கேளுங்கள். ஓவியரே தகட்டையோ பலகையையோ செதுக்கி, மை தடவி, கையால் ஒவ்வொன்றாக எடுப்பது. ஓரத்தில் பென்சிலால் 5/20 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். இருபது பிரதியில் இது ஐந்தாவது என்று பொருள். இது மூலப்படைப்புதான். ஓவியத்தைப் படம் எடுத்துப் பிரிண்டரில் அச்சடித்த பிரதி வேறு. இரண்டும் ஒரே விலைக்கு விற்கப்பட்டால் கேள்வி கேளுங்கள்.

விலை. "எத்தனை நாள் வேலை?" என்று கேளுங்கள். பதிலை விலையோடு வைத்து ஒரு நாள் கூலி என்ன வருகிறது என்று மனசுக்குள் கணக்குப் போடுங்கள். மூலப்பொருள் செலவைக் கழித்தால் ஒரு கொத்தனார் கூலிகூட வராத பொருட்கள் நிறைய. பட்ஜெட் இடிக்கிறது என்றால் விலையைக் குறைக்கச் சொல்லாமல், "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் என்ன செய்து தரமுடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். அளவைச் சின்னதாக்கியோ வேலைப்பாட்டைக் குறைத்தோ அவரே வழி சொல்வார். செய்யச் சொல்லும் வேலைக்கு முன்பணம் கேட்பது வழக்கம்தான். தேதி, அளவு, நிறம், மீதித் தொகை, உடைந்தால் யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே பேசிவையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

நேரமும் முக்கியம். நவராத்திரிக்கு முந்தின வாரம் விளாச்சேரிக்குப் போனால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். களிமண் பொம்மை வெயிலில் காய்ந்து, சூளையில் வெந்து, வண்ணம் வாங்க வேண்டும். உங்களுக்கென்று ஒரு செட் வேண்டுமானால் சில மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் மண்வேலை எல்லா ஊரிலும் தாமதமாகும். கைத்தறிக்கும் அப்படித்தான், பாவு ஈரம் கோத்தால் தறி ஓடாது. "ஏன் லேட்?" என்று திட்டுவதற்கு முன் அந்த ஊரில் மழையா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஐம்பொன் சிலையோ பழைய பாணி மரச்சிற்பமோ கொண்டுபோவதாக இருந்தால், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போக 1972-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. புதிதாகச் செய்த சிலைதான் என்றாலும் சுங்கத்தில் சந்தேகம் வரலாம். செய்தவரிடம் தேதி போட்ட ரசீது வாங்கி, இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழையும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி ஏற்றுமதி செய்யும் பட்டறைகளுக்கு இந்த நடைமுறை அத்துப்படி, அவர்களே செய்துகொடுப்பார்கள்.

ஒரு கைவினைஞரிடம் வாங்கி முடித்ததும், கிளம்பும் முன் "உங்கள் ஊரில் வேறு என்ன நல்ல வேலை நடக்கிறது? யாரைப் பார்க்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். விளக்குப் பட்டறைக்காரருக்கு நல்ல ஸ்தபதியைத் தெரியும், நெசவாளருக்குச் சாயக்காரரைத் தெரியும். எந்த இணையதளத்திலும் இல்லாத பெயர்கள் அப்படித்தான் கிடைக்கும். கிடைத்த போன் நம்பரை நாலு பேருக்குக் கொடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே நாளில் நாற்பது பேர் கூப்பிட்டு விலை மட்டும் கேட்டால் தறியிலிருந்து எழுந்து எழுந்து போனுக்குப் பதில் சொல்வதிலேயே அன்றைய வேலை போய்விடும். சிலர் சாயங்காலம் மட்டும் பேசுவார்கள், சிலர் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினால் போதும் என்பார்கள். நம்பரோடு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.